மார்ச் 30-ஐ வீட்டில் கொண்டாடுவது எப்படி: இட்லி, கூடவே இரண்டு கதைகள்

மார்ச் 30 உலக இட்லி தினம். 2015-ல் சென்னையில் தொடங்கியது, விதவிதமான இட்லிகளுக்குப் பேர் போன சமையல்காரர் இனியவன் முன்னெடுத்தது. அன்றைக்குக் காலையில் வாட்ஸப்பில் இட்லிப் படம் நாலு வரும், நாமும் நாலு பேருக்கு அனுப்புவோம், அதோடு சரி. இந்த நாளை அப்படி விட்டுவிட எனக்கு மனசில்லை. இதே தேதியில் உலகத்தில் நடந்த இரண்டு விஷயங்கள் சாப்பாட்டோடும் உடம்போடும் நேராகச் சம்பந்தப்பட்டவை, அதிலும் ஒன்றின் ஆரம்பம் நம் சென்னையில்தான். இட்லியில் வேலையைவிடக் காத்திருப்பதுதான் அதிகம்: ஊற வேண்டும், பொங்க வேண்டும், வேக வேண்டும். அந்த நேரங்களில் வீட்டில் இருப்பவர்களை உட்காரவைத்து இந்தக் கதைகளைச் சொன்னால் அது ஒரு நல்ல நாளாகிவிடும். எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தத் தேதியில் என்னென்ன நடந்தது என்று தேடினால் நீளமாக ஒரு பட்டியல் வரும். 1853-ல் ஓவியர் வான் கோ பிறந்தார், 1867-ல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்க அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது, 1949-ல் ராஜஸ்தான் உருவானது, 1981-ல் அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்டார். இதையெல்லாம் வரிசையாக வாசித்துக் காட்டாதீர்கள், யாருக்கும் ஒன்றும் மனதில் நிற்காது. சாப்பிடும் தட்டோடு ஒட்டுகிற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பது 1919-ம் 1842-ம்.

சரி, மாவுக்கு வருவோம். வேலை 29-ம் தேதி மதியமே தொடங்கிவிடும்.

பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்றால் ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ முழு உளுந்து, இரண்டு டீஸ்பூன் வெந்தயம் போதும். 60 இட்லிக்குக் குறையாமல் வரும். அரிசி எந்தக் கடையில் வாங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் உளுந்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புது உளுந்தாகப் பார்த்து, தோல் நீக்கின வெள்ளை முழு உளுந்தாக வாங்குங்கள். பழைய உளுந்து எவ்வளவு நேரம் அரைத்தாலும் மாவு காணாது, இட்லியும் தட்டையாக, கல் மாதிரி வரும், அதற்கப்புறம் ஆப்ப சோடாவைத் தேடி ஓட வேண்டியதுதான். நல்ல உளுந்து இருந்தால் சோடாவே வேண்டாம்.

மதியம் மூன்று மணிக்கு அரிசியைக் கழுவி ஊறப்போடுங்கள், ஆறு மணிக்கு உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்துத் தனியாக. உளுந்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை, வெயில் காலத்தில் அதற்கு மேல் ஊறினால் வழவழப்பு குறைந்து மாவு சரியாகப் பொங்காது. ஊறிய உளுந்தைக் கழுவி, தண்ணீரோடு கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளித்து அரைத்தால் கிரைண்டர் சூடானாலும் மாவு சூடாகாது. மார்ச் கடைசியில் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும்.

உளுந்து ஊறும் நேரத்தில் ஒரு சின்ன விஷயம் செய்து பார்க்கலாம், எனக்கு இந்த நாளில் மிகவும் பிடித்த பகுதி இது. ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், மேலைச் சாளுக்கியர் ஆட்சியில், இரண்டாம் சாவுண்டராயர் கன்னடத்தில் எழுதிய லோகோபகாரம் என்ற நூலில் இட்லிக்குச் செய்முறை இருக்கிறது. உளுந்தை மோரில் ஊறவைத்து, நைஸாக அரைத்து, தயிரில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரையும் மசாலாப் பொருட்களையும் சேர்க்கச் சொல்கிறது. அரிசி சேர்ப்பதோ, ராத்திரி முழுக்கப் புளிக்கவிடுவதோ, ஆவியில் வேகவைப்பதோ அதில் இல்லை. நாம் இன்று சாப்பிடும் இட்லி எங்கிருந்து முழு உருவம் பெற்றது என்று இன்னும் விவாதம் ஓடுகிறது, உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா இந்தோனேசியப் பக்கம் கை காட்டினார், எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு டம்ளர் உளுந்தை மட்டும் தனியாக மோரில் ஊறப்போட்டு, தயிர்த் தெளிவு விட்டு அரைத்து, சீரகம், மிளகு, பெருங்காயம், உப்பு சேர்த்துப் பத்து இட்லி ஊற்றிப் பாருங்கள். நான் ஆவியில்தான் வேகவைப்பேன், நூலில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடர்த்தியாக, வடைக்கும் இட்லிக்கும் நடுவே ஒரு ருசியில் இருக்கும். நல்லெண்ணெய் தொட்டுச் சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு ராஜேந்திரன் காலத்து இட்லி என்று சொல்லிக் கொடுங்கள். நூல் ஏறக்குறைய 1025-ஐ ஒட்டியது, அப்போது இந்தப் பக்கம் ராஜேந்திர சோழன்தான் அரசன் என்பதால் அது பொய்யும் ஆகாது.

எட்டு மணிக்கு அரைக்கத் தொடங்குங்கள். உளுந்து முதலில். வடித்த உளுந்தைப் போட்டு, முதல் ஐந்து நிமிஷம் கொஞ்சமாகத் தண்ணீர், அப்புறம் கையால் தெளித்துத் தெளித்து, அரை மணி நேரம் வரை விடுங்கள். கிரைண்டரை விட்டு அந்தண்டை இந்தண்டை போகாதீர்கள். முதலில் மணல் மணலாகச் சுற்றும், பத்து நிமிஷத்தில் கூழாகும், அப்புறம் மெல்லக் கல்லை விட்டு மேலே ஏற ஆரம்பிக்கும், நிறம் மாறிப் பளீரென்று வெள்ளையாகும், குமிழ் குமிழாக வெடிக்கும் சத்தமே வேறாகக் கேட்கும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். மிதந்தால் எடுத்துவிடலாம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிஷம்.

அரிசியை நைஸாக அரைக்க வேண்டாம். விரலிடுக்கில் தேய்த்தால் சன்ன ரவை மாதிரி நெருட வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் பெரிய பாத்திரத்தில் கொட்டி, கைப்பிடிக்குச் சற்றுக் குறைவாகக் கல் உப்பு போட்டு, கையாலேயே கரையுங்கள். கரண்டியால் கலக்கினாலும் பொங்கும்தான், ஆனால் அடியில் தங்கும் உளுந்து கையில்தான் தெரியும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், இல்லையென்றால் காலையில் மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். நம் ஊர் வெயிலுக்கு எட்டு மணி நேரம் தாராளம். லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்களுக்கு மார்ச் கடைசியிலும் குளிர் விட்டிருக்காது, அவர்கள் உப்பை ராத்திரி போடாமல், ஓவனைச் சூடாக்காமல் உள் விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் மாவை வைத்தால் 12 முதல் 16 மணி நேரத்தில் பொங்கிவிடும்.

மாவு பொங்குவது உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்களால். அவை வெளியிடும் வாயுவை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் உளுந்துக்கு அவ்வளவு பாடுபடுகிறோம்.

மாவை மூடி வைத்துவிட்டீர்கள். வீட்டில் எல்லோரும் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 1919-ஐச் சொல்ல இதுதான் நேரம்.

அந்த வருஷம் மார்ச் மாதம் ரௌலட் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமலே ஒருவரைப் பிடித்து அடைக்கலாம் என்ற சட்டம். காந்தி அப்போது சென்னையில், ராஜாஜியின் அழைப்பில் தங்கியிருந்தார். வீடு, தி இந்து ஆசிரியர் கஸ்தூரி ரங்க ஐயங்காருடையது. என்ன செய்வது என்று தினமும் பேச்சு. ஒரு விடியற்காலை, தூக்கமும் விழிப்புமாக இருந்த நேரத்தில் ஒரு யோசனை வந்ததாகக் காந்தியே தன் சுயசரிதையில் எழுதுகிறார், எழுந்ததும் ராஜாஜியிடம்தான் சொல்லியிருக்கிறார்: நாடு முழுக்க ஒரு நாள் கடையடைப்பு, அன்றைக்கு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு உண்ணாமல் பிரார்த்தனை செய்வது. முஸ்லிம்கள் ஒரு நாளைக்கு மேல் நோன்பு இருக்க ஒப்புவார்களோ என்று யோசித்து 24 மணி நேரம் என்று வைத்தார்கள். முதலில் குறித்த தேதி மார்ச் 30. அப்புறம் அதை ஏப்ரல் 6-க்கு மாற்றினார்கள், அந்தச் சேதி டெல்லிக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் டெல்லி மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமையே கடையை அடைத்துவிட்டது.

அன்று தகராறு எங்கே வெடித்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். டெல்லி ரயில் நிலையத்தில், மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்குத் தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்தவர்களிடம். விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கூட்டம் கேட்டது, ஒப்பந்தக்காரர் மறுத்தார், கைது, தள்ளுமுள்ளு, கடைசியில் துப்பாக்கிச் சூடு. சிலர் செத்தார்கள். அன்று மாலை சாந்தினி சௌக்கில் சுவாமி சிரத்தானந்தர் கூர்க்கா சிப்பாய்களின் துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டி நின்றார். சில நாளில் ஜும்மா மசூதியில் ஓர் இந்துத் துறவியான அவரையே பேச அழைத்தார்கள், மக்கள் அப்படி ஒன்றாகியிருந்தார்கள். அடுத்த இரண்டாவது ஞாயிறு, ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக்.

இட்லி தினத்துக்கு முந்தின ராத்திரி பட்டினியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டை ஒரு நாள் வேண்டாமென்று வைப்பதுகூட ஓர் ஆயுதம் ஆகும் என்று இந்த நாட்டு ஜனம் மொத்தமாகக் காட்டத் தொடங்கிய தேதி இது, அதற்கான யோசனை பிறந்தது நம் ஊரில், ஆனால் நம் பிள்ளைகளுக்கு டெல்லி வரை தெரிகிறது, சென்னை தெரிவதில்லை. விருப்பமும் உடம்பும் உள்ள பெரியவர்கள் அன்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, காலையில் முதல் ஈடு இட்லியில் முடிக்கலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் வேண்டவே வேண்டாம்.

காலையில் பாத்திரத்தைத் திறந்ததும் கரண்டியை விட்டுக் கலக்கிவிடாதீர்கள். பொங்கின மாவில் இருக்கும் காற்றுதான் இட்லியின் மென்மை. மேலாக, ஓரத்திலிருந்து அப்படியே அள்ளி ஊற்ற வேண்டும். இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும், ஆறின தண்ணீரில் வைத்தால் நடுவில் வேகாமல் களியாக நிற்கும்.

துணி போட்டு ஊற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். எண்ணெய் தடவின தட்டில் வரும் இட்லிக்கு அடியில் ஒரு தோல் விழும், துணியில் வெந்த இட்லிக்கு அது கிடையாது. பழைய, மெல்லிய பருத்தி வேட்டித் துணி உத்தமம். நனைத்து, ஒட்டப் பிழிந்து, தட்டின் குழிக்குள் நன்றாகப் படியுமாறு விரித்து, முக்கால் குழிக்கு மாவு. பத்து நிமிஷம், பெரிய குழி என்றால் பன்னிரண்டு. ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. இறக்கி, இரண்டு நிமிஷம் பொறுத்து, துணியோடு தூக்கி ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்து, துணியின் முதுகில் குளிர்ந்த தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் இட்லி ஒன்றொன்றாகத் துணியை விட்டு விலகும், துணியின் இழை அதன் மேல் அச்சாகப் பதிந்திருக்கும், ஆவி பறக்கும். பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள், விரல் சுடும், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

சட்னி உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. மிளகாய்ப் பொடிக்கு மட்டும் நல்லெண்ணெய் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும்போது 1842-க்குப் போகலாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், ஜெஃபர்சன் என்ற சின்ன ஊர். கிராஃபோர்டு லாங் என்ற 26 வயது டாக்டர். அந்தக் காலத்தில் இளவட்டங்கள் ஈதர் என்ற திரவத்தை முகர்ந்து மயங்கிக் கூத்தடிப்பது வழக்கமாக இருந்தது. அப்படி ஆடுகிறவர்கள் விழுந்து அடிபட்டாலும் அந்த நேரத்தில் வலியே தெரியவில்லை என்பதை லாங் கவனித்திருந்தார். அப்போதெல்லாம் ஆபரேஷன் என்றால் ஆளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அறுப்பதுதான். மார்ச் 30 அன்று ஜேம்ஸ் வெனபிள் என்பவர் கழுத்தில் இருந்த கட்டியை எடுக்க வேண்டியிருந்தது. ஒரு துண்டில் ஈதரை ஊற்றி முகரவைத்து, கட்டியை அறுத்து எடுத்தார். வெனபிளுக்கு வலி தெரியவில்லை, முடிந்துவிட்டது என்பதையே கட்டியைக் காட்டின பிறகுதான் நம்பினார். அதற்கு வாங்கின கட்டணம் இரண்டு டாலர், கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் லாங் இதை அச்சில் வெளியிட்டது 1849-ல்தான். அதற்குள் 1846-ல் பாஸ்டனில் வில்லியம் மார்டன் எல்லோர் முன்னிலையிலும் ஈதர் கொடுத்துக் காட்டிவிட்டதால் பேர் அவருக்குப் போய்விட்டது. லாங்கின் நினைவாகத்தான் அமெரிக்காவில் மார்ச் 30-ஐ மருத்துவர் தினமாக வைத்திருக்கிறார்கள், 1933-ல் அதே ஜார்ஜியாவில் வைண்டர் என்ற ஊரில் தொடங்கியது. நமக்கு மருத்துவர் தினம் ஜூலை 1.

இதற்கும் இட்லிக்கும் உள்ள சம்பந்தத்தை நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளிந்து, கஞ்சியும் பாலும் தாண்டி, "இனிமே இட்லி கொடுக்கலாம்" என்று டாக்டர் சொல்லும் வார்த்தைக்காக வார்டு வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர். அந்த வார்த்தை வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம். ஈதர் முதன்முதலில் அறுவை சிகிச்சைக்குக் கைகொடுத்த தேதியும், மயக்கம் தெளிந்தவர் சாப்பிடும் இட்லியின் தேதியும் ஒன்றாக அமைந்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமான விஷயம்.

அதனால் இரண்டாவது ஈட்டை வீட்டுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தெருவிலோ பக்கத்திலோ ஆஸ்பத்திரி இருந்தால், ராத்திரி டூட்டி முடித்துக் காலை ஏழு, எட்டு மணிக்கு வெளியே வரும் நர்ஸ்களுக்கும் வார்டு உதவியாளர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் நாளே போய் அனுமதி கேட்டுவிட்டு, எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. நோயாளிகளுக்கு நீங்களாக எதுவும் கொடுக்கக் கூடாது, அது அவர்களுடைய டாக்டர் சொல்ல வேண்டியது. கட்டும் விதம் இப்படி: இட்லி நன்றாக ஆறட்டும், சூடாகக் கட்டினால் வியர்த்து நசநசத்துவிடும். மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாட்டின வாழையிலையில் நாலு நாலாக வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றி நூல் கட்டுங்கள். இலைக்கு உள்ளே தாள் படக் கூடாது. இந்த இட்லி மதியம் வரை தாங்கும். தேங்காய்ச் சட்னி கூட்டிக் கொண்டுபோக வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும்.

கூட்டம் அதிகம், நேரமும் இருக்கிறது என்றால் காஞ்சிபுரம் இட்லி ஒரு ஈடு போடலாம். வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியம் ஆவது, மந்தாரை இலை பரப்பின மூங்கில் குடலையில் நீளமாக வேகும். வீட்டில் டம்ளரில் ஊற்றிக்கொள்ளலாம். இதற்கு மாவு தனி: பச்சரிசி ஒரு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, உளுந்து ஒன்றரைப் பங்கு, எல்லாம் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, காலையில் கொஞ்சம் தயிர், உடைத்த மிளகு, சீரகம், சுக்குப் பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய்யும் நல்லெண்ணெயும் காய்ச்சி ஊற்றிக் கலக்க வேண்டும். நெய் தடவின டம்ளரில் முக்கால் அளவு, 25 நிமிஷம், குச்சி விட்டுப் பார்த்து இறக்குங்கள். பொறுமை இல்லாதவர்கள் இதை விட்டுவிட்டு ரவா இட்லிக்குப் போகலாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அரிசிப் பஞ்சம் வந்தபோது தாங்கள் கண்டுபிடித்தது என்று பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்லும் பலகாரம் அது, ராத்திரி அரைக்க வேண்டிய வேலையும் கிடையாது.

மதியத்துக்கு மேல் மாவு மிஞ்சினால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், மார்ச் வெயிலில் சாயங்காலத்துக்குள் கடுத்துவிடும். மறுநாள் அது இட்லிக்கு ஆகாது. வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கிப் போட்டுப் பணியாரமோ ஊத்தப்பமோ ஊற்றிவிடுங்கள். இட்லியே மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து நன்றாக இறுகின பிறகு உதிர்த்து, கடுகும் கடலைப்பருப்பும் தாளித்து உப்புமா. சூட்டோடு உதிர்த்தால் குழைந்துவிடும்.